கொள்ளைநோய்க் காலத்துச் சட்டங்களும் கிராமக் கணக்கும்

பஞ்சம், வெள்ளம், கொள்ளைநோய் முதலியன நேரும்போது சர்க்கார் ஜனங்களுக்குச் சில சலுகைகளை அளிப்பது வழக்கம். அச்சலுகை யாருக்குப் போய்ச் சேரும் என்பதை உத்தரவு மட்டும் நிர்ணயிப்பதில்லை. அதற்கு வெகு நாட்களுக்கு முன்பே எழுதி வைக்கப்பட்டுள்ள கணக்குகளும் நிர்ணயிக்கின்றன. கொரோனா நோய்க் காலத்தில் திருப்பூரும் அதனை அடுத்த பல்லடம், அவிநாசி, காங்கேயம் பகுதிகளும் கண்ட அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும்.

2020-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 25-ந் தேதி முதல், 2005-ஆம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி தேசமெங்கும் ஊரடங்கு அமலுக்கு வந்தது. திருப்பூர்ப் பனியன் தொழில் ஒரே கூரையின்கீழ் நடப்பதன்று. நூலைப் பின்னுவது ஒரு பட்டறை, சாயம் ஏற்றுவது மற்றொன்று, வெட்டித் தைப்பது வேறொன்று, காஜா எடுத்துப் பித்தான் வைப்பது பிறிதொன்று என அது பல கைகள் மாறிச் செல்லும். பட்டறைக்காரர்களில் பலர் சுற்றுப்புறக் குடியானவர் குடும்பங்களில் பிறந்தவர்கள். கூலியாட்களோ தென் ஜில்லாக்களிலிருந்தும், ஒடிசா, பீகார் முதலிய வடநாடுகளிலிருந்தும் வந்தவர்கள். இவர்கள் யாவரும் ஒரே நாளில் வேலையற்றுப் போயினர்.

முதலாளிகளுக்கு வந்த சலுகையை முதலில் கவனிக்கலாம். கடன் தவணைகளைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி மார்ச்சு 27-ந் தேதி அனுமதி கொடுத்தது. அக்கெடு பின்னர் ஆகஸ்டு 31 வரை நீண்டது. மே மாதத்தில் மத்திய சர்க்கார் தம் உத்தரவாதத்தின்பேரில் 3 லட்சம் கோடி ரூபாய் அளவுக்குக் கடன் திட்டம் ஒன்றை வெளியிட்டனர். அதன்படி, 2020 பிப்ரவரி 29-ந் தேதியன்று நின்ற கடன் பாக்கியில் 100-க்கு 20 வீதம் புதுக்கடன் கிடைத்தது. ஆகவே வங்கியில் கணக்கு வைத்துக் கடன் பெற்றிருந்தவனுக்கே மேற்கொண்டு கடன் வந்தது. சீட்டுப் பணமும் கைமாற்றும் கொண்டு நாலு தையல் இயந்திரம் ஓட்டியவனுக்கு அதில் இடமில்லை.

தள்ளிவைத்த தவணைகளின் வட்டிக்கு வட்டியைத் திருப்பித் தர அவ்வருஷம் அக்டோபரில் வகுத்த திட்டத்தில் பயிர்க்கடனும் டிராக்டர் கடனும் சேர்க்கப்படவில்லை. வட்டியை முழுதும் தள்ளுபடி செய்ய மறுத்த சுப்ரீம் கோர்ட்டு, வட்டிக்கு வட்டி மட்டும் எவரிடமும் வசூலிக்கலாகாதென்று 2021 மார்ச்சு 23-ந் தேதி தீர்ப்பளித்தது.

கூலியாட்கள் விஷயம் இதனினும் கடினமானது. ஊரடங்கு நாட்களுக்கும் முழுக்கூலி கொடுக்க வேண்டுமென 2020 மார்ச்சு 29-ந் தேதி உத்தரவு பிறந்தது. மே 18 முதல் அது செல்லாமற் போயிற்று. கூலி பற்றி முதலாளியும் தொழிலாளியும் பேசி முடிவு செய்துகொள்ளலாமென ஜூன் 12-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு கூறியது. ஆஜர்ப் பட்டியலில் பெயர் உள்ளவன் பேசலாம். உருப்படிக் கணக்கில் கூலி வாங்கிப் பெயரே பதியப் பெறாதவன் எந்த ஆதாரத்தைக் காட்டிப் பேசுவான்? வெளிமாநிலத் தொழிலாளரைப் பதிவு செய்ய வகை செய்யும் 1979-ஆம் வருஷத்துச் சட்டம் அப்போது அமலில் இருந்தும், பதிவுகள் சரிவர நடந்திருக்கவில்லை. அமைப்புசாராத் தொழிலாளர்களின் பதிவுக்குரிய ஏற்பாட்டை ஜூலை 31-க்குள் முடிக்கும்படி 2021 ஜூன் 29-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு கட்டளையிட நேர்ந்தது. அப்பதிவு ஆகஸ்டு 26-ந் தேதிதான் தொடங்கிற்று. அதற்குள் இரண்டு அலைகள் கடந்துவிட்டன.

குடும்பங்களின் நிலையும் இதுவே. நோயால் இறந்தவர்களின் வாரிசுகளுக்கு உதவித்தொகை அளிக்கவேண்டுமென்று 2021 ஜூன் 30-ந் தேதி தீர்ப்பாயிற்று. தொகை 50,000 ரூபாய் என்பது அக்டோபர் 4-ந் தேதி உறுதியாயிற்று. இறப்புச் சான்றில் நோயின் பெயர் இல்லை என்ற காரணத்தால் மட்டும் மனுவைத் தள்ளலாகாதென்றும் கோர்ட்டு தெளிவாக்கியது. தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தைகளின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை இடத் தமிழ்நாடு சர்க்கார் அதே வருஷம் மே மாதத்தில் ஏற்பாடு செய்தனர். இவற்றைப் பெறவும் இறப்புப் பதிவும் வாரிசுச் சான்றும் வேண்டியிருந்தன.

நிலமுடையோர் இதனைத் தங்களுக்குச் சம்பந்தமற்ற ஆலைக் கதையென்று எண்ணுதல் தகாது. பிரதம மந்திரி கிசான் திட்டத்தின் 2,000 ரூபாய்த் தவணை 2020 ஏப்ரலில் முன்கூட்டியே விவசாயிகளின் கணக்கில் சேர்ந்ததற்குக் காரணம், நிலம் அவர்கள் பெயரில் இருந்தமையே. பக்கத்து வயலை வாய்மொழிக் குத்தகைக்கு உழுதவனுக்கு அத்தொகை கிடைக்கவில்லை. குத்தகையை எழுதினால் நிலம் கைவிட்டுப் போகுமென்று சிலர் அஞ்சுகின்றனர். ஆயினும் 1955-ஆம் வருஷத்துச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், வெளிப்படையாகப் பேசிய குத்தகையோடு நடத்தையால் விளங்கும் குத்தகையையும் ஒப்புக்கொள்கிறது. எனவே எழுதாமல் விடுவதால் நிலச்சொந்தக்காரருக்குப் பாதுகாப்பு எதுவுமில்லை. உழுகிறவனுக்கோ ஆபத்துக் காலத்தில் கிடைக்கக்கூடிய உதவி நஷ்டமாகிறது. 1969-ஆம் வருஷத்துக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் இதற்கென்றே ஏற்பட்டது.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் இதில் பெரும் பொறுப்புண்டு. இறப்பை 21 நாட்களுக்குள் பதியும்படி குடும்பத்தாருக்கு எடுத்துச் சொல்வதும், வாரிசு விசாரணையைத் தாமதியாது முடிப்பதும், பட்டா மாற்றத்தைத் தேங்க விடாதிருப்பதும் அவர்கள் கையில் உள்ளன. தோட்டத்திலும் பட்டறையிலும் ஆள் வைத்து வேலை வாங்குவோர், ஆளின் பெயர், ஊர், வேலை நாள், கொடுத்த கூலி ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் குறித்து வருதல் வேண்டும். இதற்குச் செலவு சொற்பம். அடுத்த ஆபத்து எப்போது வருமென யாரும் அறியார். அது வந்த பின்னர்ப் புத்தகத்தைத் தேடுவதில் பயனில்லை. அறுவடை முடிந்து கை ஓய்ந்திருக்கும் நாட்களே இவ்வேலைக்கு ஏற்ற காலமாகும்.