ஒரு கவிதைக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள்

யஷ் சோப்ராவின் ‘கபீ கபீ’ (1976) கவிதைக்குச் செய்யப்பட்ட மரியாதை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சாதாரண ரசிகர்களைச் சொல்லவில்லை. அவர்களுக்கு அந்தப் படத்தில் காஷ்மீர் இருக்கிறது, ராக்கி இருக்கிறார், கய்யாமின் இசை இருக்கிறது. கொடுத்த காசுக்கு அது போதும். நான் சொல்வது கவிதை எழுதுகிறவர்களை, விமர்சனம் பேசுகிறவர்களை. வேறு எந்த ஹிந்திப் படத்தின் பெயரைச் சொன்னாலும் உதட்டைப் பிதுக்குகிற இவர்கள் இந்த ஒன்றுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறார்கள். கதாநாயகன் கவிஞன்; படத்தின் மையத்தில் ஒரு நிஜமான கவிதை இருக்கிறது; எழுதியவர் ஸாஹிர் லுதியான்வி; ஆகவே இது வேறு ஜாதிப் படம். இந்த ‘ஆகவே’ எப்படி வந்தது என்றுதான் எனக்குப் புரியவில்லை. ஒரு நிஜமான கவிதையை வீட்டுக்குள் கொண்டுவந்தவன் அதை என்ன செய்தான் என்று கேட்க வேண்டாமா?

முதலில் கவிதை. ஸாஹிரின் முதல் தொகுப்பு ‘தல்கியான்’ 1940களில் வெளிவந்தது. கசப்புகள் என்று பொருள். எனக்கு உருது எழுத்து வராது. நாகரியில் அச்சான பதிப்பை அகராதியோடு வைத்துக்கொண்டு படித்தவன் நான். அப்படித் தட்டுத் தடுமாறிப் படிக்கிறவனுக்குக்கூட ஒரு விஷயம் உடனே தெரிந்துவிடும். அந்தக் கவிதை முழுவதும் ‘ஆகியிருக்கலாம்’ என்ற வினையின் மேல் நிற்கிறது. அவள் அருகில் வாழ்வு கழிந்திருந்தால் செழித்திருக்கலாம், மனதின் இருட்டு கரைந்திருக்கலாம் என்று நடக்காத ஒன்றை அடுக்கிக்கொண்டே போய், பிறகு அது நடக்கவில்லை என்று ஒரு வெட்டு. அந்த வெட்டுக்குப் பின் வருவது புலம்பல் இல்லை. அவளும் இல்லை, அவளை இழந்த துக்கமும் இல்லை, அவளைத் தேடும் ஆசையும் இல்லை என்கிற ஒரு வறட்சி. காதல் கவிதை எழுதுகிற எவனும் லேசில் போகாத இடம் இது. துக்கத்தையாவது மிச்சம் வைத்துக்கொள்வார்கள். துக்கம் ஒரு சொத்து அல்லவா?

அதைவிட முக்கியமான இடம் நடுவில் இருக்கிறது. அவள் கிடைத்திருந்தால் தான் என்ன ஆகியிருப்போம் என்று யோசிக்கிறவன், உலகத்தின் கசப்பு தன்னைக் கூப்பிட்டபோதெல்லாம் அவளிடம் போய் ஒளிந்துகொண்டிருப்பேன் என்று ஒப்புக்கொள்கிறான். தொகுப்பின் தலைப்பான அந்தச் சொல், தல்கியான், இந்த இடத்தில்தான் வருகிறது. வெளியே வாழ்க்கை அலறும். நான் சுகமாகப் பதுங்கியிருப்பேன் என்பது அவன் தன்மீதே வைக்கிற குற்றச்சாட்டு. இழந்த காதலை நினைத்து ஏங்குகிற அதே மூச்சில், அந்தக் காதல் ஒரு பதுங்கு குழியாகத்தான் இருந்திருக்கும் என்றும் அவனுக்குத் தெரிகிறது. கவிதையின் பிரக்ஞை முழுவதும் இந்த இரட்டைப் பார்வையில் இருக்கிறது. இதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது காலேஜ் மலரில் வரும் சரக்கு.

எடுத்துவிட்டார்கள். அமிதாப் பச்சன் தன் குரலில் சொல்லும் வடிவத்தில் இந்த ஒப்புதல் கிடையாது. உலகத்தின் துன்பங்களையெல்லாம் தழுவிக்கொண்டாயிற்று என்று பின்னால் வருகிற பகுதியும் கிடையாது. மிஞ்சுவது அவள் இல்லாததால் இருட்டில் அலைகிற ஒரு வாலிபன். அலைவதற்குக் காரணம் ஒன்றே ஒன்று, பெண். இவ்வளவும் ஓதும் பகுதிக்கு நேர்ந்தது. பாட்டாக மாறியபோது நேர்ந்தது இன்னும் தீர்மானமானது. ‘ஆகியிருக்கலாம்’ போயே போய்விட்டது. நீ எனக்கென்றே படைக்கப்பட்டவள், என்றைக்கும் என்னை நேசிப்பாய் என்கிற உத்தரவாதம் அதன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. முதல் அடி மாறவில்லை, அதனால் கேட்கிறவனுக்கு அதே கவிதையைக் கேட்பது போலிருக்கும். பெயர்ப்பலகையை அப்படியே விட்டுவிட்டுக் கடையை மாற்றுகிற வித்தை. சந்தேகத்தின் மேல் கட்டிய ஒன்று இன்று கல்யாண வீடுகளில் ஒலிக்கிறது என்றால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? அதற்காகத்தானே அதைச் செப்பனிட்டார்கள்.

சினிமாவுக்கு எளிமை வேண்டாமா, கடினமான பாரசீகச் சொற்களை வைத்துக்கொண்டு மெட்டுப் போட முடியுமா என்று கேட்பார்கள். மாற்றியவரே ஸாஹிர்தானே என்றும் கேட்பார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். பதில் ஸாஹிரிடமே இருக்கிறது. குரு தத்தின் ‘ப்யாஸா’ (1957) படத்துக்கு இதே ‘தல்கியான்’ தொகுப்பிலிருந்து ‘சக்லே’ என்ற கவிதையை எடுத்தார்கள். வேசையர் தெருவைப் பற்றிய கவிதை. அங்கேயும் மொழி கடினம். அங்கேயும் ஸாஹிர் எளிமைப்படுத்தினார். மூலத்தில், கிழக்கின் புனிதத்தைப் புகழ்ந்து பாடுகிறவர்கள் எங்கே என்று திரும்பத் திரும்ப வருகிற கேள்வி, படத்தில் இந்தியாவை நினைத்துப் பெருமைப்படுகிறவர்களை நோக்கித் திரும்பியது. சுதந்திரம் வந்து பத்து வருஷம்தான் ஆகியிருந்தது. எளிமையாக்கியதில் கத்தி இன்னும் கூரானது. யாரை நோக்கி நீட்டுகிறோம் என்பதும் தெளிவானது. ஆகவே எளிமையின் மேல் பழி போடுவது சரிப்படாது. ‘சக்லே’யில் சொற்கள் மாறின, ‘கபீ கபீ’யில் கவிதை நின்றுகொண்டிருந்த வினை மாறிவிட்டது. இரண்டையும் செய்தது ஒரே கை என்பது எனக்கு வருத்தத்தைத் தருகிறது, சமாதானத்தைத் தரவில்லை.

படத்தில் ஒரு நல்ல காட்சி இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பார்க்காமலே எழுதுகிறான் என்பார்கள். கவிஞன் அமித்தும் பூஜாவும், அதாவது அமிதாப்பும் ராக்கியும், பெற்றோர் மனம் நோகக்கூடாது என்று பிரிந்துவிடுகிறார்கள். பூஜாவை விஜய் என்ற கட்டடக்கலைஞனுக்கு மணம் முடித்து வைக்கிறார்கள். விஜய் அமித்தின் கவிதைக்கு ரசிகன். முதலிரவில் மனைவி அந்தப் பாட்டைப் பாடுகிறாள். சசி கபூர் அவள் நகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார். காதலன் எழுதியதைக் கணவனுக்காகப் பாடுகிறாள். சொற்கள் ஆணின் சொற்கள், குரல் லதாவுடையது, கண்ணீர் ராக்கியுடையது. இந்த நான்கு நிமிஷத்தில் ஒரு கொடூரமான, உண்மையான படம் தொடங்குகிறது. கவிதை என்பது எழுதியவன் கையை விட்டுப் போனபின் யாருடைய படுக்கையறையில் என்ன வேலை பார்க்கும் என்ற கேள்வி அங்கே நிற்கிறது. அந்தப் பெண்ணிடம் போய், இப்போது நீ பாடியது உனக்கு என்ன ஆகிறது என்று கேட்டிருக்கலாம். யஷ் சோப்ரா கேட்கவில்லை. பளபளக்கும் நகையையும் பட்டையும் காட்டுகிறார். காட்சியின் குரூரம் அவருக்குத் தெரிந்து வந்ததா, அழகைத் தேடிப் போனபோது தவறிப்போய்க் காலில் இடறியதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அடுத்து அவர் கதையை நகர்த்துகிற வேகத்தைப் பார்த்தால் இரண்டாவதைத்தான் நம்பத் தோன்றுகிறது.

கதை என்ன ஆகிறது? அமித் கவிதையை விட்டுவிட்டுத் தொழிலில் இறங்குகிறான். கல்குவாரி. அஞ்சலியை மணக்கிறான், ஒரு பெண் பிறக்கிறாள். அந்தப் பக்கம் பூஜாவுக்கும் விஜய்க்கும் ஒரு பையன். பிள்ளைகள் வளர்ந்து, ரிஷி கபூரும் நீத்து சிங்கும் மோட்டார் சைக்கிளும் வந்து சேர்ந்த பிறகு படம் யாருடையது என்பது படத்துக்கே தெரிவதில்லை. தத்தெடுக்கப்பட்ட மகள், தேடப்படும் தாய், ஒரே பையன் மேல் இரண்டு பெண்களுக்கு ஆசை, கடைசியில் குவாரியில் வெடியும் தீயும். இந்தப் பகுதியைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. ஒன்றைத் தவிர. உலகத்தின் துன்பங்களைத் தழுவிக்கொண்டேன் என்று சொன்ன கவிதைக்குச் சொந்தக்காரன் கல்லுடைக்கும் கூலிகள் வேலை செய்கிற குவாரிக்கு முதலாளியாக இருக்கிறான். அந்தக் கூலிகளில் ஒருவன் முகம்கூட நம் நினைவில் நிற்பதில்லை. அவன் ஏன் நிற்க வேண்டும்? அந்த வரிகளைத்தான் முன்பே வெட்டியாயிற்றே.

நடுவில் பூஜா தொலைக்காட்சியில் பேட்டி எடுப்பவளாகிறாள். கவிஞன் அமித் ஏன் எழுதுவதை நிறுத்தினான் என்ற கேள்வி அவள் வாயிலிருந்தே வருகிறது. பதில் அவளே. நல்ல சமத்காரம், தியேட்டரில் பெருமூச்சு கேட்டிருக்கும். படம் வெளிவந்த மாதம் பிப்ரவரி 1976. நெருக்கடி நிலை அமுலில் இருந்த காலம். பத்திரிகைகளுக்குத் தணிக்கை, தொலைக்காட்சி என்றால் அரசாங்கத்தின் தொலைக்காட்சி ஒன்றுதான். ஹிந்தியில் நாகார்ஜுன், தெலுங்கில் வரவர ராவ் என்று கவிஞர்கள் சிறைக்குள் போய்வந்த காலம். பாட மறுத்ததற்காகக் கிஷோர் குமாரின் பாட்டுக்கள் அகில இந்திய வானொலியில் நிறுத்தப்பட்டதும் அதே 1976இல்தான். அப்படிப்பட்ட ஒரு வருஷத்தில், ஒரு கவிஞன் ஏன் மௌனமாகிவிட்டான் என்று தேசத்தின் திரையில் கேட்கப்படுகிறது. காதல் தோல்வி என்று விடை வருகிறது!

அவர் வேறு என்ன சொல்லியிருக்க முடியும், தணிக்கை அதிகாரி விட்டிருப்பாரா என்று கேட்காதீர்கள். யஷ் சோப்ரா நெருக்கடி நிலையை எதிர்த்துப் படம் எடுத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீரம் காட்டாததற்காக ஒருவனைக் குற்றம் சொல்ல, வீட்டில் உட்கார்ந்து எழுதுகிற எனக்கு உரிமை இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்காமலே இருந்திருக்கலாம். கவிஞனின் மௌனம் என்ற பெரிய விஷயத்தைத் தொட்டுவிட்டு அதைச் சில்லறையாக்கிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் எந்தத் தணிக்கை அதிகாரியிடமிருந்தும் வந்திருக்காது. இவர்களாகவே செய்தது அது. கவிஞன் எழுதுவதும் பெண்ணால், நிறுத்துவதும் பெண்ணால் என்ற இந்தச் சித்திரம் ஜனரஞ்சகப் பத்திரிகைக்காரர்கள் காலம்காலமாக வரைந்து வருவது. நம் கவிஞர்களே அதைப் பார்த்துக் கண்ணாடி என்று நினைத்துத் தலை சீவிக்கொள்கிறார்கள் என்பதுதான் வேதனை. விலக்கு அளிக்கிற நண்பர்களிடம் என் சண்டையே இதுதான்.

வஹீதா ரஹ்மானைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ‘ப்யாஸா’வில் அவர் குலாபோ. வேசை. பழைய காகிதத்தோடு விலைக்குப் போன கவிதைகளைப் படித்து, பாதுகாத்து, அச்சேற வைப்பவள். அந்தப் படத்தில் கவிதையைக் கவிதையாகப் படிக்கத் தெரிந்த ஒரே ஜீவன். பத்தொன்பது வருஷம் கழித்து ‘கபீ கபீ’யில் அவர் அஞ்சலி, கவிதை எழுதுவதை விட்டுவிட்டவனின் மனைவி. அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு காதல் இருந்திருக்கிறது; அந்த மனிதன் இறந்துபோனான்; ஒரு பெண் குழந்தையை வேறு கைகளில் ஒப்படைத்திருக்கிறாள். இது தெரிய வந்ததும் அமித் கொதிக்கிறான். இருபது வருஷமாக இன்னொருத்தியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, அதைக் கவிஞனின் ரணம் என்று கௌரவமாகப் பேணி வருகிறவன் கொதிக்கிறான்! அவனுடைய பழைய காதலுக்கு இசை உண்டு, பனி மூடிய மலை உண்டு, வண்ணம் உண்டு. அவளுடையதற்கு ஒரு ரகசியம் மட்டும். ஆணின் கடந்தகாலம் காவியம், பெண்ணின் கடந்தகாலம் களங்கம் என்கிற பத்தாம்பசலிக் கணக்கை இந்தப் படம் கேள்வி கேட்பதாகச் சிலர் வாதிடுகிறார்கள். முடிவில் அமித் அந்தப் பெண்ணை மகளாக ஏற்றுக்கொள்கிறானே என்கிறார்கள். ஏற்றுக்கொள்கிறான். மன்னிக்கிற இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டு ஏற்றுக்கொள்கிறான். அதே சமயம் விஜய், தன் மனைவியின் பழைய காதலன் யார் என்று தெரிந்தும் பெருந்தன்மையாக நடந்துகொள்கிறான். கவிதை எழுதத் தெரியாதவன், கவிதை எழுதியவனைவிடப் பெரிய மனிதனாக இருக்கிறான். இதையாவது யஷ் சோப்ரா தெரிந்து செய்திருந்தால் அவருக்கு என் நமஸ்காரம். ஆனால் படம் கடைசிவரை யாருடைய முகத்தின்மேல் காதல் கொண்டிருக்கிறது என்று பாருங்கள், உங்களுக்கே தெரியும்.

தொடக்கத்தில், கல்லூரி மேடையில் அமித் பாடும் ஒரு பாட்டு இருக்கிறது. முகேஷின் குரல். தான் ஒன்றிரண்டு கணத்தின் கவிஞன் மட்டுமே என்று சொல்கிற பாட்டு. முன்னால் எத்தனையோ பேர் வந்து போனார்கள், பின்னால் தன்னைவிட நன்றாகச் சொல்கிறவர்கள் வருவார்கள், ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கிற உலகம் தன்னை நினைத்துக்கொண்டு ஏன் நேரத்தை வீணாக்க வேண்டும் என்கிறான். சினிமாப் பாட்டில் இவ்வளவு அடக்கமும் இவ்வளவு தெளிவும் நான் அதிகம் கேட்டதில்லை. ‘தல்கியான்’ எழுதிய ஸாஹிர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று அந்த ஐந்து நிமிஷம் நம்பலாம். படம் முடியும்போது அதே மெட்டு திரும்புகிறது. அதே முகேஷ். இப்போது சொற்கள் வேறு. ஒன்றிரண்டு கணம் என்றது ஒவ்வொரு கணமும் என்றாகிவிட்டது. கவிஞன் பிள்ளைகளில், பூக்களில், வரும் தலைமுறைகளில் எல்லாம் தொடர்ந்து வாழப்போகிறானாம். கல்யாணம் முடிந்து, குடும்பம் சேர்ந்து, எல்லோரும் எல்லோரையும் மன்னித்தாகிவிட்ட பிறகு, சாவைப் பற்றிய ஒரு வரி மட்டும் அந்தக் குடும்பப் படத்தில் எதற்கு என்று நினைத்திருப்பார்கள். மூலக் கவிதையின் ‘ஆகியிருக்கலாம்’ எங்கே போயிற்றோ அங்கேயே இந்த ‘ஒன்றிரண்டு கண’மும் போயிற்று.

1977இல் சிறந்த பாடலாசிரியருக்கான ஃபிலிம்ஃபேர் பரிசு இந்தப் படத்துக்காக ஸாஹிருக்குக் கிடைத்தது. கய்யாமுக்கும், வசனம் எழுதிய ஸாகர் ஸர்ஹதிக்கும், அதற்குள் இறந்துவிட்டிருந்த முகேஷுக்கும் கிடைத்தது. ஸாஹிர் 1980 அக்டோபரில் காலமானார். ‘தல்கியான்’ இன்னும் அச்சில் கிடைக்கிறது, நாகரியிலும் கிடைக்கிறது.