உடம்பு ஏத்த 6 நாள் ஜிம் போகணுமா, 3 நாள் போதுமா? ஆலை வேலைக்குப் போறவங்க தெரிஞ்சுக்க வேண்டியவை

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரத்தில் பகலில் பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆலை, அச்சகம் என்று வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் இருக்கிறார்கள். கையில் இருக்கும் போனில் பாடி பில்டர்களின் வீடியோ. அதில் வாரத்துக்கு 6 நாள், ஒரு நாளைக்கு 2 மணி நேரம் என்று ஒரு ஷெட்யூல். அதை அப்படியே ஆரம்பித்தால் என்ன ஆகும்? முதல் மாதம் ஆர்வம், இரண்டாவது மாதம் உடம்பு வலி, மூன்றாவது மாதம் ஜிம் பக்கமே போவதில்லை. கட்டிய பணம் போனதுதான் மிச்சம்.

அப்போ எந்த ஷெட்யூல் சரி? ஆய்வுகள் என்ன சொல்கின்றன? பார்ப்போம்.

பளுதூக்குதல் வேற, உடம்பு ஏத்துறது வேற

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் என இரண்டு காமன்வெல்த் போட்டிகளிலும் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர். கிளாஸ்கோவில் அவர் தூக்கிய மொத்த எடை 328 கிலோ. ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் என்ற இரண்டு முறைகளில் ஒரே ஒரு தடவை அதிகபட்ச எடையைத் தூக்குவதுதான் அந்த விளையாட்டு. நம்ம ஊர்ப் பக்கம் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குவதும் ஏறக்குறைய இதே வகைதான்: ஒரு தூக்கு, அதில் முழு பலம்.

தசை வளர்வதற்கு வேறு வழி. நடுத்தர எடையைத் திரும்பத் திரும்ப, தசை களைக்கும் வரை தூக்க வேண்டும். போட்டி வீரரின் ஷெட்யூலைப் பார்த்து காப்பி அடிக்கத் தேவையில்லை.

என்னென்ன ஷெட்யூல் இருக்கு?

ஜிம்களில் பொதுவாக நான்கு வகை ஓடுகிறது.

ஒன்று, ஒரு நாளைக்கு ஒரு பாகம். திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் தோள் என்று 5 அல்லது 6 நாள் போகும்.

இரண்டு, தள்ளுவது, இழுப்பது, கால் என்று மூன்றாகப் பிரித்து, வாரத்தில் இரண்டு சுற்று. இதுவும் 6 நாள்.

மூன்று, மேல் உடம்பு ஒரு நாள், கீழ் உடம்பு ஒரு நாள் என்று மாற்றி மாற்றி 4 நாள்.

நான்கு, முழு உடம்பையும் ஒரே நாளில் செய்வது. வாரத்துக்கு 3 நாள்.

ஆய்வுகள் என்ன சொல்லுது?

தசை வளர்ச்சி பற்றி அதிகம் ஆய்வு செய்தவர்களில் ஒருவர் அமெரிக்காவைச் சேர்ந்த பிராட் ஷோன்ஃபெல்ட். அவரது குழு 2016-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு, ஒரு தசைக்கு வாரம் ஒருமுறை பயிற்சி கொடுப்பதை விட இருமுறை கொடுப்பது பலன் தரும் என்றது. 2017-ல் வந்த இன்னொரு தொகுப்பாய்வில், ஒரு தசைக்கு வாரம் 10 செட்டுக்கு மேல் செய்தவர்களுக்கு வளர்ச்சி கூடுதலாகத் தெரிந்தது. 2019-ல் வந்த தொகுப்பாய்வு இன்னும் தெளிவாகச் சொன்னது: வாரத்தின் மொத்த செட் எண்ணிக்கை சமமாக இருந்தால், அதை எத்தனை நாளாகப் பிரிக்கிறோம் என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை.

அதாவது, 6 நாள் போவதால் மட்டும் தசை கூடுதலாக வளராது. வாரத்துக்கு ஏறக்குறைய 10 செட் ஒவ்வொரு தசைக்கும் கிடைத்தால் போதும். அதை 3 நாளிலும் முடிக்கலாம்.

'மூட்டை தூக்குறவனுக்கு ஜிம் எதுக்கு?'

வீட்டில் பெரியவர்கள் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் லாரியில் ஏற்றும் பெட்டியின் எடை இன்றைக்கும் அடுத்த வருஷமும் ஒன்றுதான். அந்த எடைக்கு உடம்பு பழகிவிட்ட பிறகு தசை மேற்கொண்டு வளரக் காரணம் இல்லை. வேலையில் ஓய்வும் நம் கையில் இல்லை.

டென்மார்க் ஆய்வாளர் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மான் இதைப் பல வருஷமாகப் பேசி வருகிறார். ஓய்வு நேரத்தில் செய்யும் உடற்பயிற்சி இதயத்துக்கு நல்லது செய்கிறது; நாள் முழுக்க வேலையில் வரும் உடல் உழைப்பு அதே நன்மையைத் தருவதில்லை என்பது அவர் கருத்து.

இன்னொரு பக்கம், திரி வைப்பது, பேக்கிங் என்று தரையில் உட்கார்ந்தே வேலை செய்பவர்களுக்கு கால், இடுப்பு, முதுகுக்கு வேலையே கிடைப்பதில்லை. இரண்டு பேருக்கும் பயிற்சி தேவை. ஆனால் இரண்டு பேரும் ஏற்கனவே களைத்துப் போய்த்தான் ஜிம்முக்கு வருகிறார்கள். அதனால்தான் 3 நாள் ஷெட்யூல் பொருந்துகிறது.

சரி, 3 நாள்ல என்ன செய்யறது?

உதாரணமாக செவ்வாய், வியாழன், ஞாயிறு. ஒவ்வொரு நாளும் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ் அல்லது தண்டால், ரோயிங், ஷோல்டர் பிரஸ், புல்-அப். கூடவே ரொமேனியன் டெட்லிஃப்ட். ஒவ்வொன்றும் 3 செட், செட்டுக்கு 8 முதல் 12 தடவை. முதல் இரண்டு வாரம் 2 செட் போதும். ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடக்குறைய ஆகும்.

எடையை எப்போ கூட்டணும்? மூன்று செட்டிலும் 12 தடவை ஒழுங்காக வந்துவிட்டால், அடுத்த முறை 2.5 கிலோ கூட்டி மறுபடி 8-ல் இருந்து தொடங்க வேண்டும். இன்னும் ஒன்றிரண்டு தடவை தூக்க முடியும் என்ற நிலையில் செட்டை நிறுத்துங்க. என்ன எடை, எத்தனை தடவை என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது முக்கியம். அன்றைக்கு லோடு ஏற்றிய முதுகு வலிக்கிறதா? டெட்லிஃப்டை அந்த நாள் விட்டுவிடலாம்.

தீபாவளி சீசன்ல நேரமே இல்லையே?

தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் பட்டாசு ஆலைகளில் வேலை நெருக்கும். வருஷக் கடைசியில் காலண்டர் அச்சகங்களிலும் அப்படித்தான். அப்போது 3 நாள்கூட முடியாமல் போகலாம்.

அதற்காக ஜிம்மையே நிறுத்த வேண்டாம். அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு 2011-ல் வெளியானது. 16 வாரம், வாரத்துக்கு 3 நாள் பயிற்சி எடுத்தவர்கள், அடுத்த 32 வாரம் வாரத்துக்கு ஒரே நாள் மட்டும் செய்தார்கள். இளம் வயதினருக்கு ஏறிய தசை குறையவில்லை. ஆக, சீசனில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனாலும் சேர்த்தது கையை விட்டுப் போகாது. எடையைக் குறைக்காமல் செட்டை மட்டும் குறைத்துக்கொள்ளலாம். தீபாவளி முடிந்து ஆலைகள் மூடியிருக்கும் வாரங்களில் மறுபடி வேகம் பிடிக்கலாம்.

போலீஸ் வேலைக்குத் தயாராகிறவங்களுக்கு?

இங்கே குறிக்கோளே வேறு. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1,500 மீட்டர் ஓட்டத்தை 7 நிமிடத்தில் முடிக்கச் சொல்கிறது. கயிறு ஏறுதல், நீளம் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டமும் உண்டு. மார்பளவு 81 சென்டிமீட்டர், மூச்சை இழுத்தால் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும்.

கயிறு ஏறும்போது தூக்குவது சொந்த எடையை. கை மட்டும் பெருத்து, எடையும் ஏறிப் போனால் ஏறுவது கஷ்டம். இவர்கள் 2 நாள் எடைப் பயிற்சி, 3 நாள் ஓட்டம் என்று வைத்துக்கொண்டு, புல்-அப்பை விடாமல் செய்வது நல்லது. புதிய அறிவிப்பு வரும்போது அளவுகளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்க.

சாப்பாட்டுக்கு எவ்வளவு செலவாகும்?

உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் வரை தசை வளர்ச்சிக்கு உதவுகிறது, அதற்கு மேல் பெரிய பலன் இல்லை என்கிறது 2018-ல் வெளியான தொகுப்பாய்வு. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 96 கிராம்.

நாள் முழுவதற்கும் 300 கிராம் அரிசியில் சுமார் 21 கிராம், 100 கிராம் பருப்பில் 22, மூன்று முட்டையில் 18, ஒரு கைப்பிடிக்குக் கொஞ்சம் கூடுதலாக 50 கிராம் நிலக்கடலையில் 12, 50 கிராம் மீல் மேக்கரில் 26. கூட்டினால் 99 கிராம். எல்லாமே மளிகைக் கடைப் பொருள். பவுடர் டப்பா இதில் இல்லை. 2024-ல் ஐசிஎம்ஆர் - தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியும், உடம்பு ஏத்துவதற்கான புரத சப்ளிமென்ட்களைத் தவிர்க்கத்தான் சொல்கிறது.

பெண்களுக்கும் இதே ஷெட்யூல் பொருந்தும். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருப்பதாக தேசிய குடும்ப நல ஆய்வு சொல்வதால், தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

எதுல கவனம் தேவை?

ஊசி: 'இதைப் போட்டா ஒரு மாசத்துல ஏறிடும்' என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்க. அனபாலிக் ஸ்டீராய்டு இதயத்தையும் கல்லீரலையும் பாதிக்கும், குழந்தைப்பேற்றையும் பாதிக்கும்.

உடை: ஜிம் டீ-ஷர்ட்கள் பெரும்பாலும் பாலியஸ்டர். செயற்கை இழைத் துணியில் நிலை மின்சாரம் சேரும், அதிலிருந்து ஒரு பொறி வந்தால் மருந்து இருக்கும் அறைக்கு அதுவே போதும். பட்டாசு ஆலைக்குப் பருத்தி உடைதான். ஜிம் உடையை உள்ளே போட்டுக்கொண்டு வேலைக்குப் போகவே கூடாது. பிட்னஸ் பேண்டையும் போனோடு வெளியிலேயே வைத்துவிடுங்க.

குளியல்: அலுமினியப் பொடி, மருந்துத் தூசி உடம்பில் இருக்கும்போது நேராக ஜிம்முக்குப் போக வேண்டாம். குளித்து, உடை மாற்றி, தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம்.

அடுத்த முறை ஜிம்மில் பணம் கட்டும் முன் மாஸ்டரிடம் மூன்று கேள்வி கேளுங்க. ஒவ்வொரு தசைக்கும் வாரத்துக்கு எத்தனை செட்? எடையை எப்போ, எவ்வளவு கூட்டணும்? வேலை நெருக்கும் மாதத்துல எதைக் குறைக்கலாம்? மூன்றுக்கும் தெளிவாகப் பதில் வந்தால் தாராளமாகச் சேரலாம். பதிலுக்குப் பதிலாக பவுடர் டப்பா வந்தால், வேறு ஜிம் பார்ப்பது நல்லது.