இரவல் காரும் இன்ஷூரன்சும்

மதுரையில் ஒருவர் இருபது ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறார். ஒரு கோழிக்குஞ்சின் மீதுகூட மோதியதில்லை. அவருக்கு லண்டனில் வேலை கிடைக்கிறது. மனைவி மக்களுடன் போய்ச் சேருகிறார்.

ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட்ஹாம் முருகன் கோயிலுக்குப் போக ஆசை. பக்கத்து வீட்டில் நம் ஊர்க்காரர் ஒருவர் கார் வைத்திருக்கிறார்.

"அண்ணே, காரைக் கொஞ்சம் கொடுங்கள். கோயிலுக்குப் போய்விட்டு வந்துவிடுகிறேன்."

"அதற்கென்ன தம்பி, இந்தா சாவி!"

கேட்டவரும் நல்லவர். கொடுத்தவரும் நல்லவர். ஆனால் கார் தெருவில் இறங்கியதும் இருவருமே சட்டத்தின் முன் குற்றவாளிகள் ஆகிவிடக்கூடும்!

எங்கே வேறுபாடு?

இந்தியாவில் இன்ஷூரன்ஸ் காரைச் சேர்ந்தது. சொந்தக்காரர் சம்மதித்தால், லைசென்ஸ் உள்ள தம்பி ஓட்டலாம், மைத்துனர் ஓட்டலாம், சம்பள டிரைவரும் ஓட்டலாம்.

பிரிட்டனில் அப்படி அல்ல. யார் யார் ஓட்டலாம் என்பது பாலிசியில் எழுதப்பட்டிருக்கும். அதில் இடம் பெறாதவர் ஓட்டினால், பொதுவாக, இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதாகவே பொருள்.

"தெரியாமல் செய்துவிட்டேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. அபராதம் 300 பவுன். லைசென்சில் 6 குற்றப் புள்ளிகள். போலீசார் காரையே எடுத்துக்கொண்டு போகலாம். வழக்கு கோர்ட்டுக்குப் போனால் அபராதத்துக்கு உச்ச வரம்பு கிடையாது. கார் ஓட்டவே தடை விதிக்கலாம். சாவி கொடுத்தவர் மீதும் வழக்கு வரும்.

அந்தக் குற்றம் பதிவாகிவிட்டால், பல ஆண்டுகளுக்கு எந்தக் கம்பெனியும் பிரீமியத்தைக் கூட்டித்தான் கேட்கும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு?

காருக்காக அல்ல. தெருவில் நடப்பவருக்காக!

கார் மோதி ஒருவர் கால் ஒடிந்து கிடக்கிறார். ஓட்டியவரிடம் பணம் இல்லை. அடிபட்டவர் குடும்பத்துக்கு யார் சோறு போடுவது? இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் பிரிட்டன் 1930-ம் ஆண்டுச் சட்டத்தில் மோட்டார் இன்ஷூரன்சைக் கட்டாயம் ஆக்கியது. இந்தியாவிலும் 1946 ஜூலை முதல் இது கட்டாயம். பிறருக்கு நேரும் தீங்குக்கு ஈடு கொடுப்பதே இரண்டு நாட்டுச் சட்டங்களுக்கும் அடிப்படை.

ஆகவே தனக்கென்று ஒரு பாலிசி எடுக்க வேண்டும். அல்லது நண்பரின் பாலிசியில் தன் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு நாளுக்குக்கூட அங்கே இன்ஷூரன்ஸ் கிடைக்கிறது. சிறிது பணம் செலவாகும். மானம் மிஞ்சும்.

அனுபவம் எங்கே போயிற்று?

பாலிசி எடுக்கப் போனால் அடுத்த அதிர்ச்சி காத்திருக்கிறது. பிரீமியம் மலைபோல் இருக்கிறது! இருபது ஆண்டு அனுபவசாலியை, நேற்றுப் பழகியவரைப் போல நடத்துகிறார்கள்.

இதில் கோபப்பட்டுப் பயன் இல்லை. அந்தக் கம்பெனிக்கு இவரைத் தெரியாது. மதுரைத் தெருக்களில் இவர் எவ்வளவு நிதானமாக ஓட்டினார் என்பதை யார் போய் அங்கே சொல்வது?

ஒரு காகிதம் சொல்லும்.

விபத்துக்குப் பணம் கேட்காமல் ஆண்டுகளைக் கழித்தவருக்கு இந்தியாவில் "நோ கிளெய்ம் போனஸ்" என்ற சலுகை உண்டு. காரின் சேதத்துக்காகக் கட்டும் பிரீமியத்தில் முதல் ஆண்டுக்குப் பின் 20 சதவீதம் குறையும். ஐந்து ஆண்டுகள் ஆனால் 50 சதவீதம் குறையும். இந்தச் சலுகை காருக்கு உரியது அல்ல, மனிதருக்கு உரியது. காரை விற்றாலும் அது அவருடையதே.

ஆகவே புறப்படும் முன்பே, இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் ஆங்கிலத்தில் ஒரு சான்றுக் கடிதம் வாங்க வேண்டும். பெயர், கார் நம்பர், பாலிசி நம்பர், எத்தனை ஆண்டு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். பிரிட்டனில் எல்லாக் கம்பெனிகளும் இதை ஏற்பதில்லை. சில ஏற்கின்றன. நாலு இடத்தில் விசாரிப்பவருக்கே லாபம்.

இந்திய லைசென்சை வைத்துக்கொண்டு, அங்கே குடியேறிய நாள் முதல் 12 மாதங்கள்தான் கார் ஓட்டலாம். அதற்குள் எழுத்துத் தேர்விலும் ஓட்டும் தேர்விலும் தேறி அந்த நாட்டு லைசென்ஸ் பெறுவது நல்லது. அதன்பின் பிரீமியமும் பெரும்பாலும் குறையும்.

பொய் வேண்டாம்

பிரீமியத்தைக் குறைக்கச் சிலர் குறுக்கு வழி சொல்வார்கள். "நெடுநாளாக இருக்கும் நண்பர் பெயரை முக்கிய ஓட்டுநர் என்று போடு, நீ ஓட்டிக்கொள்" என்பார்கள். இது மோசடி. விபத்து நடந்த அன்று கம்பெனி விசாரிக்கும். உண்மை வெளிவரும். பாலிசி ரத்தாகும். மிச்சம் பிடித்த பவுன்களைப்போலப் பல மடங்கு கைவிட்டுப் போகும்.

இங்குள்ள கம்பெனிகளுக்கும் ஒரு கடமை உண்டு. வெளிநாடு செல்பவர் கடிதம் கேட்டால், "இன்று போய் நாளை வா" என்று அலைக்கழிக்கக் கூடாது. பிரீமியம் வாங்குவதில் காட்டும் சுறுசுறுப்பைச் சான்று கொடுப்பதிலும் காட்ட வேண்டும்.

வெளிநாடு செல்லும் பிள்ளைக்குப் பெற்றோர் ஊறுகாயும் பருப்புப் பொடியும் கட்டிக் கொடுக்கிறார்கள். அந்தப் பெட்டியில் இந்தக் கடிதத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கட்டும். கூடவே ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பட்டும்: "தம்பி, பாலிசியில் உன் பெயர் ஏறும்வரை பஸ்ஸில் போ!"