பழைய வால்வு ஆம்ப்: ரிப்பேர் செய்வதா, தலைமுழுகுவதா?

அப்பா ஒரு காலத்தில் மெல்லிசைக் குழுவில் கிடார் வாசித்தவர். பரணில் தூங்கிய அவருடைய வால்வு ஆம்ப்பை, புதிதாகக் கிடார் பழகும் மகள் இறக்கித் தூசி தட்டி ஸ்விட்சைப் போடுகிறாள். "ம்ம்ம்ம்" என்று ஒரே உறுமல். கிடார் சத்தத்தைக் காணோம். "காயலான் கடையில் போட்டுவிட்டுப் புதுசு வாங்கலாம்" என்கிறது ஒரு கட்சி. "இந்தச் சத்தம் புதுசில் வராது" என்கிறது இன்னொரு கட்சி. யார் சொல்வது சரி?

வால்வு என்றால்..?

தாத்தா காலத்து ரேடியோ, ஸ்விட்ச் போட்டதும் பாடாது. சூடேறிய பிறகுதான் பாடும். அதற்குள் மினுக்கிய கண்ணாடிக் குழாய்தான் வால்வு. அமெரிக்கர்களுக்கு அது டியூப். டிரான்சிஸ்டர் வந்ததும் ரேடியோவும் டி.வி.யும் வால்வைக் கைவிட்டன. கிடார்காரர்கள் மட்டும் விடவில்லை. ஓங்கி வாசிக்கும்போது வால்வு திணறித் தரும் கரகரப்பு அவர்களுக்கு அத்தனை பிடித்துவிட்டது.

கலிஃபோர்னியாவின் லியோ ஃபெண்டர் அடிப்படையில் ரேடியோ ரிப்பேர் கடைக்காரர். லண்டனில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், ஃபெண்டரின் பாஸ்மேன் ஆம்ப்பைப் பின்பற்றியே 1960-களின் தொடக்கத்தில் தன் முதல் ஆம்ப்பைக் கொண்டுவந்தார். அந்தக் கால ஆம்ப்களைக் கழற்றி மாட்டுவது எளிது. அதனால்தான் 50, 60 வயதான ஆம்ப்களும் இன்று மேடை ஏறுகின்றன.

முதலில் உயிர், பிறகு இசை

வால்வு ஆம்ப்பின் உள்ளே 300 முதல் 500 வோல்ட் வரை ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் அந்த மின்சாரம் தேங்கி நிற்கும். மிக்ஸியைக் கழற்றுவதுபோல இதைக் கழற்றக்கூடாது. பல வருடங்கள் சும்மா கிடந்த ஆம்ப்புக்கு நேராகக் கரன்ட் கொடுப்பதும் ஆபத்து. தெரிந்த மெக்கானிக், வோல்ட்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்ப்பார். ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸ்தான் போட வேண்டும். கம்பி சுற்றினால், சில ரூபாயோடு போகவேண்டிய பழுது டிரான்ஸ்ஃபார்மர் வரை போய்விடும்.

செலவில்லாத சோதனைகள்

* வேறு கிடார், வேறு கேபிள் மாட்டிப் பாருங்கள். நடுவில் பெடல் எதுவும் வேண்டாம். பாதி 'பழுது' கேபிளில்தான் இருக்கும்.
* பின்பக்கம் 'செண்ட்', 'ரிட்டர்ன்' என இரண்டு துளைகள் இருந்தால், இரண்டையும் ஒரு சிறிய கேபிளால் இணையுங்கள். சத்தம் திரும்பினால் ஜாக்கில் அழுக்கு, அவ்வளவுதான்.
* நன்றாக எர்த் உள்ள வேறு பிளக் பாயின்ட்டில் போட்டுப் பாருங்கள். உறுமல் குறைந்தால், குறை வீட்டு வயரிங்கில்.
* வால்யூமைத் திருகும்போது மட்டும் 'கரகர' என்றால், குமிழுக்குள் தூசி. சுத்தம் செய்தால் போதும்.

உடம்பு சொல்லும் அறிகுறி

இவற்றைத் தாண்டியும் பழுது தொடர்ந்தால், மெக்கானிக்கிடம் போகுமுன் அறிகுறிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சத்தம் மெலிந்து, சோர்ந்து, இடையிடையே 'கிணிங்' என்று மணி அடித்தால், பெரும்பாலும் வால்வு தேய்ந்திருக்கும். சத்தத்துக்கு அழகு சேர்க்கும் சின்ன வால்வுகளை (12ஏஎக்ஸ்7) மாற்றுவது எளிது. சக்தி தரும் பெரிய வால்வுகளை (இஎல்34, 6எல்6 போன்றவை) ஜோடியாக மாற்ற வேண்டும். பல ஆம்ப்களில் அதற்குப் பிறகு 'பயஸ்' அளவையும் சரிசெய்ய வேண்டும். வால்வுக்குள் ஆரஞ்சு மினுக்கம் இயல்பு. உள்ளே இருக்கும் உலோகத் தகடே சிவந்து பழுத்தால் மட்டும் உடனே அணைத்துவிடுங்கள்.

வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தும் உறுமல் அப்படியே இருந்தால், சந்தேகம் கண்டென்சர் மேல். வயதானால் அவை காய்ந்துபோகும். மாற்றுவதற்குப் பெரிய செலவில்லை.

கருகிய வாடை, புது ஃபியூஸ் போட்டதும் போவது: இவை டிரான்ஸ்ஃபார்மர் பழுதாக இருக்கலாம். செலவு ஏறும் இடம் இதுதான். அமெரிக்காவிலிருந்து வந்த ஆம்ப்புக்கு இந்த ஆபத்து அதிகம். அது 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம் வீட்டில் வருவது 230. ஆம்ப்பின் பின்னால் எழுதியிருப்பதைப் படிக்காமல் பிளக்கில் செருகாதீர்கள்.

கணக்கு இப்படிப் போடுங்கள்

ரிப்பேர் செலவைப் புது ஆம்ப்பின் விலையோடு ஒப்பிடுவதுதான் பலரும் செய்வது. அது சரியில்லை. நல்ல நிலையில் உள்ள இதே மாடல் பழைய ஆம்ப் இன்று என்ன விலைக்குக் கிடைக்கும் என்று விசாரியுங்கள். 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ரிப்பேர் 20,000-க்குள் முடிந்தால் தயங்காமல் செய்யலாம். அதைத் தாண்டினால் யோசிக்க வேண்டும்.

புது வால்வுகளின் விலையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஸ்கூட்டருக்கு டயர் மாற்றுவதைப் பழுது என்றா சொல்கிறோம்? வால்வும் தேய்கிற பொருள்தான். நாளை புது வால்வு ஆம்ப் வாங்கினாலும் அந்தச் செலவு ஒருநாள் வந்தே தீரும். கண்டென்சர், ரெசிஸ்டர் எல்லாம் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் விசாரிக்கலாம். வால்வு பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனாவிலிருந்து வர வேண்டும். எனவே காத்திருக்கும் நாட்களையும் கணக்கில் வையுங்கள்.

ஆம்ப்பின் உள் அமைப்பும் முக்கியம். கையால் வயர் இழுத்துக் கட்டிய பழைய ஆம்ப்பில் எதையும் தனியாக மாற்றலாம். வால்வு சாக்கெட்டையே சர்க்யூட் போர்டில் பதித்த மலிவு மாடல்களில், சூட்டில் சால்டரிங் விரிசல் விடும். ஒருமுறை ஒட்டினால் இன்னோர் இடத்தில் விடலாம். பாதி வால்வு, பாதி டிஜிட்டல் என்ற கலப்பு மாடலில் டிஜிட்டல் போர்டு போய், கம்பெனியும் அதை நிறுத்திவிட்டால், விடைகொடுப்பதே நல்லது.

எப்போது மாற்றலாம்?

ஆம்ப் கெட்டதால் மட்டுமல்ல, தேவை மாறியதாலும் மாற்றலாம். அடுக்குமாடி வீட்டில் 40 வாட்ஸ் வால்வு ஆம்ப்பை அதன் முழு அழகோடு வாசித்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். இரவில் ஹெட்ஃபோனில் பழகும் பிள்ளைக்குச் சின்ன டிஜிட்டல் ஆம்ப் போதும். ஞாயிறுதோறும் சர்ச்சுக்கோ கச்சேரிக்கோ தூக்கிச் செல்பவருக்கு முதுகுவலியும் ஒரு செலவுதான். ஆனால் அதே சத்தம் வேண்டும், வாசிக்க இடமும் இருக்கிறது என்றால், நல்ல டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பழைய ஆம்ப்பை விற்பது நஷ்டம்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

வால்வு ஆம்ப் பார்த்த அனுபவம் உண்டா என்பது முதல் கேள்வி. பழுதைக் கண்டுபிடிக்க மட்டும் எவ்வளவு, சரிசெய்ய எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். எழுதிய தொகையைத் தாண்டுமானால் தொடுமுன் போன் செய்யச் சொல்லுங்கள். கழற்றிய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

சரியாகி வீட்டுக்கு வந்தபின் ஒன்றை மறக்காதீர்கள். ஸ்பீக்கர் வயரை மாட்டாமல் ஒருபோதும் ஸ்விட்ச் போடக்கூடாது. அந்த ஒரு கவனக்குறைவு போதும், நல்ல டிரான்ஸ்ஃபார்மரைக் கருக்கிவிட!