துதி போதும்

சென்ற ஞாயிறு பட்டாபிராமில் நண்பர் வீட்டு மாடியில் கூடி, பிங்க் ஃப்ளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) உருவான விதத்தைச் சொல்லும் 2003-ஆம் ஆண்டு ஆவணப்படத்தை மீண்டும் பார்த்தோம். ஒலிக்கலவை மேசைமுன் அமர்ந்து, பாடல்களை இழை இழையாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். கல்லாப்பெட்டியின் ஓசைகூடத் தாளமாகியிருக்கிறது.

பாக்கிற்கும் தியாகராஜருக்கும் இளையராஜா காணிக்கையாக்கிய 'ஹவ் டு நேம் இட்' (1986) தொகுப்புக்கு இப்படியொரு படம் வேண்டுமென்று நாம் ஏன் குரலெழுப்பவில்லை? வி.எஸ். நரசிம்மனின் வயலினைச் சுற்றிப் பிற தந்திகள் எவ்வாறு அடுக்கப்பட்டன, தாளில் எழுதியதில் எது பதிவின்போது மாறியது என்று எப்போதாவது கேட்டோமா? 'ஞானி', 'தெய்வப்பிறவி' என்று கைகூப்பியதோடு நம் ரசிகக் கடமை முடிந்துவிட்டது.

இத்தகைய படங்கள் விற்பனைக்கான விளம்பரங்களும்தான், மறுக்கவில்லை. ஆயினும் அவை இசையை உழைப்பாகக் காட்டுகின்றன. நாமோ எல்லாவற்றையும் அருள் என்று சொல்லி, உடனுழைத்தவர்களை இருட்டில் நிறுத்துகிறோம். படைத்தவரின் உழைப்பையும் சேர்த்தே மறைக்கிறோம்.

பிரசாத் ஸ்டூடியோவில் நாற்பதாண்டுகளுக்கும் மேலாக இளையராஜா பணியாற்றிய கூடம் 2020-ஆம் ஆண்டு இறுதியோடு அவருக்கு இல்லையென்றாயிற்று. அப்போதும் நாம் வருந்தினோம், ஆவணப்படுத்தவில்லை. வாத்தியக் கலைஞர்களின், ஒலிப்பதிவாளர்களின் நினைவுகளையாவது அவர்கள் இருக்கும்போதே படம்பிடிக்க வேண்டாமா?