குழாய் எங்கள் சந்திலிருந்து தொடங்கட்டும்!

மித்தி நதியைச் சுத்தம் செய்யப் போகிறோம் என்று மும்பை மாநகராட்சி பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. நல்ல காரியம், வரவேற்கிறோம். அந்த நதியின் நாற்றத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிற நம்மைவிட அதில் அக்கறை உள்ளவர்கள் இந்த நகரத்தில் யார் இருக்க முடியும்? தாராவியிலும் குர்லாவிலும் வாழும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்கு அது பாலத்தின் மேலிருந்து எட்டிப் பார்க்கிற நதி அல்ல. மழைக்காலத்தில் வாசற்படி ஏறி வீட்டுக்குள் வருகிற நதி.

ஆகவே வரவேற்போடு ஒரு கேள்வியையும் முன்வைக்கிறோம். கோடி கோடியாகக் கொட்டி அமைக்கிறீர்களே, அந்தச் சாக்கடைக் குழாய் எங்கிருந்து தொடங்குகிறது?

திட்டம் பெரிது. 2023 ஜனவரி 19ஆம் தேதி பிரதமர் ஏழு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அடிக்கல் நாட்டினார். வொர்லி, பாந்த்ரா, தாராவி, வெர்சோவா, மலாட், காட்கோபர், பாண்டுப் ஆகிய ஏழு இடங்கள். செலவு ஏறத்தாழ 17,200 கோடி ரூபாய். ஏழும் சேர்ந்து நாள் ஒன்றுக்கு சுமார் 246 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும். நம் தாராவி நிலையத்தின் பங்கு மட்டும் 41.8 கோடி லிட்டர். விதிமுறை மாற்றம், வழக்கு, டெண்டர் ரத்து என்று ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்த பிறகே இந்த அடிக்கல் விழுந்தது.

இவை தேவையில்லை என்று நாம் சொல்லவில்லை. மிக மிகத் தேவை. வொர்லியிலும் பாந்த்ராவிலும் நெடுங்காலமாக நடந்தது சுத்திகரிப்பே அல்ல. குப்பையைச் சல்லடை போட்டு எடுத்து, மணலைப் பிரித்து, மீதியைக் கடலுக்கடியில் 3 கிலோமீட்டருக்கு மேல் குழாய் வைத்துத் தள்ளிவிட்டார்கள். அவ்வளவுதான்! அதை மாற்றுவது நியாயம். ஆனால் கடைசி முனையில் எவ்வளவு பெரிய நிலையம் கட்டினாலும், அதுவரை வந்து சேர்கிற கழிவுநீரைத்தான் அது சுத்தம் செய்யும். வந்து சேராத கழிவுநீர்?

நாலா எப்படிச் சாக்கடை ஆனது?

மும்பையில் ஏட்டளவில் இரண்டு தனி ஏற்பாடுகள் உண்டு. மழைநீர் நாலாக்கள் வழியாக நதிக்கும் கடலுக்கும் போக வேண்டும். மலமும் குளித்த நீரும் துவைத்த நீரும் பூமிக்கடியில் தனிக் குழாயில் பம்பிங் ஸ்டேஷனுக்குப் போய், அங்கிருந்து சுத்திகரிப்புக்குப் போக வேண்டும். ஒன்று மற்றொன்றில் கலக்கக்கூடாது.

நடப்பது என்ன? குடிசைப் பகுதிகளில் பல சந்துகளுக்குச் சாக்கடைக் குழாய் வரவே இல்லை. வாசலில் ஓடுகிற கட்டர் பக்கத்து நாலாவில் விழுகிறது. பொதுக் கழிப்பிடங்கள் பலவற்றின் தொட்டி நிரம்பினால் அதுவும் அங்கேதான். சிறு பட்டறைகளின் எண்ணெயும் சாயமும் அங்கேதான். குழாய் உள்ள பகுதிகளிலோ, அது தாங்குகிற அளவை மீறிக் கட்டடங்கள் எழும்பிவிட்டன. குழாய் அடைத்தால், பம்பு நின்றால், மேன்ஹோல் பொங்கித் தெருவில் ஓடி, கடைசியில் அதே நாலாவைத்தான் சேர்கிறது. நாலா போய்ச் சேருமிடம் நதி. விஹார், பவாய் ஏரிகளின் உபரி நீரோடு புறப்பட்டு, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி மாஹிம் கழிமுகத்தில் கடலோடு கலக்கிற மித்தி, வழிநெடுக இப்படித்தான் சாக்கடை ஆக்கப்பட்டது.

இதற்கு மாநகராட்சி செய்கிற மருந்து என்ன? நாலாவை நதிக்கு முன்னாலேயே மறித்து, அதில் ஓடுகிற கழிவுநீரைத் திருப்பிவிடுவது. பாபட் நாலா, சஃபேத் பூல் நாலா ஆகியவற்றின் கழிவுநீரைத் தாராவி நிலையத்துக்குக் கொண்டுவர, ஆறரை கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள சுரங்கக் குழாய் வேலை 2021இல் தொடங்கியது. நாள் ஒன்றுக்கு 16.8 கோடி லிட்டர் கொண்டுவருவது நோக்கம்.

இதையும் வரவேற்கிறோம். ஆனால் இந்த மருந்து எட்டு மாதத்துக்குத்தான் வேலை செய்யும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நாலாவில் வருவது கழிவுநீர் மட்டுமல்ல. மலைபோல் மழைநீரும் சேர்ந்து வரும். அதை எந்தச் சுரங்கமும் தாங்காது. மறித்தால் ஊர் மூழ்கும். எனவே நதிக்குள் திறந்துவிட்டே ஆகவேண்டும். அப்போது மழைநீரோடு நம் கட்டர் நீரும் கலந்து நதிக்குப் போகும். கடலில் ஏற்றம் இருக்கும் நேரமாயின் நதியும் வாங்காது. அத்தனையும் நம் வீட்டுக்கே திரும்பி வரும்.

ரயில்வேக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறோம். டெர்மினஸைப் பெரிதாகக் கட்டுகிறார்கள். மெயின் லைனும் போடுகிறார்கள். ஆனால் சரக்கு ஏற வேண்டிய இடத்துக்கு சைடிங் போடவில்லை. சரக்கு எப்படி வந்து சேரும்? வீட்டுக் கழிவு நாலாவில் விழுவதற்கு முன்பே, சந்திலேயே குழாயில் ஏறினால்தான் நதி பன்னிரண்டு மாதமும் தப்பும். இதற்குக் குறுக்குவழி இல்லை.

குற்றவாளி யார்?

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வருகிறது: “நதியைக் கெடுத்ததே குடிசைக்காரர்கள்தான், அவர்களை அகற்றினால் நதி சுத்தமாகிவிடும்.”

2005 ஜூலை 26 நினைவிருக்கிறதா? சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. நூற்றுக்கணக்கில் மக்கள் மாண்டார்கள். வெள்ளம் வடிந்தபின் எலிக்காய்ச்சல் வந்து மேலும் பலரைக் கொண்டுபோனது. அதுவரை நாலா என்று அழைக்கப்பட்டது நதி என்பது அன்றுதான் இந்த நகரத்துக்கு ஞாபகம் வந்தது. பிறகு கரையோரத்துக் குடிசைகள் ஆயிரக்கணக்கில் அகற்றப்பட்டன. விமான நிலையத்துக்காக நதியை வளைத்தது குடிசைக்காரனா? பாந்த்ரா-குர்லா வளாகத்துக்காகச் சதுப்பு நிலத்தைத் தூர்த்தது குடிசைக்காரனா? நதியில் தூர் வாரியதாகக் கணக்குக் காட்டிக் கோடிக்கணக்கில் மோசடி நடந்தது என்று 2025 மே மாதம் மும்பைப் போலீஸின் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிவு செய்ததே, அது எந்தச் சேரிக்காரன் எழுதிய பில்?

ஊர் நலம் என்ற பேரில் ஏழைகளைத் தூக்கி எறிவது நமக்குப் புதிதல்ல. அவசரநிலைக் காலத்தில், 1976இல், ஜனதா காலனியை இடித்து மக்களைச் சீட்டா கேம்ப்புக்கு அனுப்பினார்களே, அதில் நம்மவர்கள் எத்தனை குடும்பம்! போன இடத்திலும் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு, போராடித்தான் பெற வேண்டியிருந்தது. குழாய் போடாதது ஆட்சியாளர்கள்; கழிவு ஓடுகிறதே என்று தண்டனை நமக்கா?

நதிக்குக் கட்-ஆஃப் தேதி தெரியாது

அடுத்த சாக்கு, “2000 ஜனவரி 1க்குப் பிறகு வந்தவர்கள் தகுதி இல்லாதவர்கள்” என்பது. தேதிக்கு முன்னே வந்தவன் வீட்டுக் கழிவும் பின்னே வந்தவன் வீட்டுக் கழிவும் ஒரே கட்டரில்தான் ஓடுகிறது. பாதிச் சந்துக்குக் குழாய் போட்டு மீதிச் சந்தை விட்டுவிட்டால் நதி பாதி சுத்தமாகுமா? குடிநீர் வாழும் உரிமையைச் சேர்ந்தது, கட்-ஆஃப் தேதியைக் காட்டி அதை மறுக்கக் கூடாது என்று 2014 டிசம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றமே கூறியிருக்கிறது. உள்ளே வருகிற நீருக்கு உரிமை உண்டென்றால், வெளியே போகிற நீருக்கு வழியும் உண்டுதானே?

“மறுசீரமைப்பு வரப்போகிறது, இப்போது எதற்குக் குழாய்?” என்பது மூன்றாவது சாக்கு. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தை மாநில அரசு ஏற்றது 2004இல். ஏலம் முடிந்து ஒரு நிறுவனத்துக்குப் போனது 2022இல். இடைப்பட்ட பதினெட்டு மழைக்காலமும் யார் வீட்டில் தண்ணீர் ஏறியது? கட்டடம் எழும்பி முடியும்வரை பிறக்கிற குழந்தைகள் வயிற்றுப்போக்கோடு காத்திருக்க வேண்டுமா?

“சந்து குறுகல்; குழாய் போட இடமில்லை” என்பார்கள். அகமதாபாத்தில் 1995இல் தொடங்கிய பரிவர்த்தன் திட்டத்தைப் பார்க்கட்டும். குடிசைப் பகுதி வீடுகளுக்குத் தனிக் கழிப்பறை, குடிநீர், சாக்கடை இணைப்பு கொடுத்தார்கள். குடும்பத்துக்கு 2,000 ரூபாய் பங்கு வாங்கினார்கள். அதோடு, பத்து ஆண்டுகளுக்கு உங்களை அகற்ற மாட்டோம் என்றும் மாநகராட்சி உறுதி கொடுத்தது. நாளை இடித்துவிடுவார்கள் என்ற பயம் இருக்கிறவரை எந்த ஏழையும் கக்கூஸுக்குச் செலவு செய்ய மாட்டான். இணைப்பும் இருப்புரிமையும் சேர்ந்தே வர வேண்டும் என்பதுதான் அங்கே கிடைத்த பாடம்.

குழிக்குள் இறங்குகிறவன்

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. குழாய் அடைத்தால் உள்ளே இறங்குகிறவன் யார்? பெரும்பாலும் தலித் தொழிலாளி; இன்று காண்டிராக்ட் கூலி. விஷவாயு அடித்தால் முதலில் இறங்கியவனும் சாகிறான், அவனைத் தூக்க இறங்கியவனும் சாகிறான். 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புச் சாதனமின்றி மனிதனைச் சாக்கடைக்குள் இறக்குவதைக் குற்றமாக்கியது. சாக்கடை மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 17,200 கோடிக்குத் திட்டம் போடுகிறவர்கள் இயந்திரம் வாங்கக் காசில்லை என்று சொல்லக் கூடாது. நதியைக் காப்பாற்ற ஒரு தொழிலாளியின் உயிரைக் கேட்கிற திட்டம் நமக்கு வேண்டாம்.

நாம் கேட்பது

1. சுத்திகரிப்பு நிலைய வேலையோடு சேர்த்து, குடிசைப் பகுதிச் சந்துகளுக்கும் பொதுக் கழிப்பிடங்களுக்கும் சாக்கடை இணைப்பு. எந்தச் சந்துக்கு எந்த ஆண்டு என்ற அட்டவணையை வார்டு வாரியாக வெளியிட வேண்டும்.

2. இணைப்புக்குக் கட்-ஆஃப் தேதி பார்க்கக் கூடாது.

3. குழாய் வேலைக்காக நகர்த்தப்படும் குடும்பத்துக்கு, நகர்த்துவதற்கு முன்பே, பிழைப்புக்கு எட்டுகிற தூரத்தில் மாற்று வீடு.

4. சாக்கடைக்குள் இயந்திரம் மட்டுமே இறங்க வேண்டும். காண்டிராக்ட் துப்புரவுத் தொழிலாளிகள் நிரந்தரமாக்கப்பட வேண்டும்.

கேட்டால் மட்டும் கிடைத்துவிடாது என்பது நமக்குத் தெரியும். 2022 மார்ச்சுக்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் மாநகராட்சியில் கார்ப்பரேட்டரே இல்லை, நிர்வாகியின் ஆட்சிதான். அந்த நாளில்தான் இவ்வளவு பெரிய திட்டத்துக்கு அடிக்கல் விழுந்தது. நம்மிடம் ஒரு வார்த்தை கேட்பார் இல்லை. 2026 ஜனவரியில் தேர்தல் முடிந்துவிட்டது. ஓட்டு வாங்கிப் போனவர்களைக் கேட்க இனித் தடை இல்லை.

ஒவ்வொரு சந்திலும் ஐந்து பேர் உட்காருங்கள். அதில் இருவராவது பெண்களாக இருக்கட்டும். விடியுமுன் கழிப்பிட வரிசையில் நிற்கிற கஷ்டம் அவர்களுக்குத்தான் தெரியும். சந்தில் எத்தனை வீடு, எத்தனை பேருக்கு எத்தனைக் கழிப்பறை, கட்டர் எந்த நாலாவில் விழுகிறது, போன மழையில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று ஒரு தாளில் எழுதுங்கள். தாராவிக்காரர்கள் ஜி-நார்த் வார்டு அலுவலகத்திலும், குர்லாக்காரர்கள் எல் வார்டு அலுவலகத்திலும் மனுவாகக் கொடுத்து, முத்திரை போட்ட நகலைக் கேட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, எங்கள் சந்துக்குக் குழாய் எப்போது என்று கேளுங்கள். கட்டரில் குப்பை கொட்டாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை; அதைச் செய்துவிட்டுத் தலை நிமிர்ந்து கேட்போம்.

பக்கத்து வீட்டு மராட்டியரையும், எதிர்ச்சந்து உத்தரப்பிரதேசக்காரரையும், கும்பார்வாடாக் குஜராத்திக் குயவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாக்கடை எந்த மொழியும் பேசுவதில்லை. வெள்ளம் எந்த மதமும் பார்ப்பதில்லை. தனித்தனியே போனால் நாம் ஆக்கிரமிப்பாளர்கள். சேர்ந்து போனால் இந்த நகரத்தின் குடிமக்கள்.

நதி சுத்தமாகட்டும். அதற்கான குழாய் எங்கள் சந்திலிருந்து தொடங்கட்டும்!