கம்பிச் சடக்கும் புல்லட் இரயிலும்

பினாங்கில் நால்வர் கூடிப் பேசும் இடங்களில் இப்போது ஜப்பான் அடிக்கடி தலைகாட்டுகிறது. விடுமுறைக்கு அங்குச் சென்று திரும்பியோர், தோக்கியோவில் ஏறி இரண்டரை மணி நேரத்தில் ஒசாகாவில் இறங்கிய கதையைச் சொல்கின்றனர். புஜி மலை சன்னலோரம் வந்து மறைந்ததைச் சொல்கின்றனர். வண்டி வருவதைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்கின்றனர். சொல்வதில் பொய்யில்லை. ஆயின், அவ்வியப்பு முடியுமிடத்தில் ஒரு கோரிக்கை முளைக்கிறது: பினாங்குக்கும் அப்படியோர் இரயில் வேண்டுமாம். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே அது வரலாமெனில் வடக்கே ஏன் வரலாகாது என்ற வழக்கும் உடன் எழுகிறது. இக்கோரிக்கைக்குத் தமிழர் கைதட்டுவதுதான் விந்தை. அந்த இரயில் வந்தால் இழப்போர் வரிசையில் முன்னால் நிற்கப்போகிறவர்கள் அவர்களே.

ஜப்பானின் சாதனையை மறுப்பார் யாருமிலர். 1964 அக்டோபர் 1ஆம் நாள் தொடங்கிய தொக்காய்தோ ஷிங்கான்சென், 515 கிலோமீட்டர் தொலைவை முதலில் நான்கு மணி நேரத்தில் கடந்தது. பழைய குறுகிய தண்டவாளத்தை விடுத்து, அகலப்பாதை தனியே இடப்பட்டது. சாலை குறுக்கிடும் கடவை ஒன்றேனும் அதில் இல்லை. தடம்புரண்டோ மோதியோ பயணி ஒருவரும் உயிரிழந்ததில்லை. இவையெல்லாம் போற்றத்தக்கன.

சுற்றுலா சென்றோர் காணாத பக்கமும் உண்டு. பாதை போட்டு முடிப்பதற்குள் செலவு மதிப்பீட்டின் இருமடங்கை நெருங்கியது. திட்டத்தைத் தூக்கி நிறுத்திய தேசிய இரயில்வேத் தலைவர் சோகோ ஷின்ஜி 1963இல் பதவியை விட்டு விலகினார். அதிவேக இரயில் ஓடத் தொடங்கிய அதே 1964இல்தான் தேசிய இரயில்வே நட்டத்தில் விழுந்தது. பிறகு எழவேயில்லை. 1987இல் அது பல நிறுவனங்களாகக் கூறுபோடப்பட்டபோது இருந்த கடன் ஏறத்தாழ 37 இலட்சம் கோடி யென். அதற்கு ஷிங்கான்சென் ஒன்றே காரணமன்று எனினும், பெருமைக்கும் விலையுண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது.

கடனைவிடக் கொடியது சிற்றூர்களுக்கு நேர்ந்தது. புதிய அதிவேகப் பாதை திறக்கப்படும்போது, அதற்கு இணையாக ஓடும் பழைய பாதையை இரயில் நிறுவனம் கைகழுவிவிடலாம் என்பது அந்நாட்டு வழக்கம். 1997இல் நாகானோவுக்கு ஷிங்கான்சென் வந்தது. அன்றே யொக்கோகாவாவுக்கும் கருய்சாவாவுக்கும் இடைப்பட்ட மலைப்பாதை மூடப்பட்டது. நூறாண்டுக்கு மேல் இரயில் ஏறிய மக்கள் பேருந்துக்குக் காத்து நின்றனர். 2024 மார்ச்சில் ஹொக்குரிக்கு ஷிங்கான்சென் சுருகா வரை நீட்டப்பட்டது. பழைய பாதை உள்ளூர் நிறுவனங்களின் தலையில் கட்டப்பட்டது. ஒசாகாவிலிருந்து கனசாவாவுக்கு ஒரே வண்டியில் சென்றவர்கள் இப்போது சுருகாவில் பெட்டி படுக்கையுடன் இறங்கி வேறு வண்டி ஏறுகின்றனர். பெருநகரங்கள் நெருங்க நெருங்க, இடையில் கிடக்கும் ஊர்கள் தொலைவாகின்றன.

இந்தக் கணக்கை வடமலாயாவில் போட்டுப் பார்க்கலாம். பட்டர்வொர்த்துக்கும் ஈப்போவுக்கும் இடையே புக்கிட் மெர்த்தாஜாம், நிபோங் திபால், பாரிட் புந்தார், பாகான் செராய், தைப்பிங், கோலகங்சார், சுங்கை சிப்புட் ஆகியவை இருக்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் தமிழ்க் குடும்பங்கள் ஒதுங்கிய ஊர்கள் இவற்றுள் பல. கூலிம் தொழிற்சாலைக்கும் பிறைத் தொழிற்பேட்டைக்கும் வேலைக்கு வருவோர், தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலை ஏறுவோர், மருத்துவமனைக்குப் பாட்டியை அழைத்துவருவோர் இவ்வூரார். முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் வண்டி பாகான் செராயில் நிற்குமா? நின்றால் அது அதிவேக இரயிலன்று. நிற்காவிடில் அது பாகான் செராய்க்கு இரயிலே அன்று.

ஏற்கெனவே ஒரு பாடம் கிடைத்திருக்கிறது. ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை மின்மயமான இரட்டைப்பாதை 2014இல் முடிந்தது. 2015இல் ஈடிஎஸ் வண்டி பட்டர்வொர்த்துக்கு வந்தது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம், குளிரூட்டிய பெட்டி, கோலாலம்பூருக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம், நன்று. ஆனால், இரவெல்லாம் ஊர்ந்து விடியலில் பட்டர்வொர்த்தில் இறக்கிவிட்ட மெயில் வண்டியும், மூன்றாம் வகுப்பில் மூட்டை முடிச்சுடன் குடும்பமே ஏறிய பகல் வண்டியும் இன்றில்லை. நிபோங் திபால் போன்ற ஊர்கள் கொமியூட்டரை நம்பிக் கிடக்கின்றன. விழாக்காலங்களில் ஈடிஎஸ் சீட்டு கிடைப்பது குதிரைக்கொம்பு. இன்னும் ஒருபடி வேகம் ஏறினால் இன்னும் யார் இறக்கிவிடப்படுவர் என்று கேட்பாரில்லை.

கேட்க வேண்டியவர்கள் தமிழர். ஏனெனில் இந்நாட்டின் இரயில் அவர்களுடைய தோளில் ஏறி வந்தது. 1885 ஜூன் முதல் நாள் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடிய முதல் இரயிலின் பாதையை அமைத்தது இலங்கையிலிருந்து வந்த பயனியர் படை. பின்னர்த் தென்னிந்தியத் தொழிலாளர் காடழித்தனர், மண் கொட்டினர், கட்டை அடுக்கினர். யாழ்ப்பாணத்தார் நிலைய அதிபர்களாயும் எழுத்தர்களாயும் அமர்ந்தனர். தோட்டத்துப் பேச்சில் ‘கம்பிச் சடக்கு’ என்று பெயர் பெற்ற அப்பாதையில் கலந்த வியர்வை யாருடையது என்பதைத் தமிழ்ப் பிள்ளைகளே அறியாதிருக்கின்றனர்.

விரைவு என்றதும் எழுந்து வணங்கக் கூடாத சமூகம் ஒன்றுண்டெனில் அது மலேசியத் தமிழர் சமூகம். 1942, 43ஆம் ஆண்டுகளில் ஜப்பானிய இராணுவம் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர்ப் பாதையை ஓராண்டுக்குச் சற்றே மேற்பட்ட காலத்தில் முடித்தது. மலாயாவின் கிழக்குக் கரைத் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துச் சென்றது. தோட்டத்துத் தமிழரையும் அள்ளிச் சென்றது. ‘விரைவு, விரைவு’ என்று விரட்டிய 1943இன் மாதங்களைப் போர்க்கைதிகள் ‘ஸ்பீடோ’ காலம் என்றே நினைவுகூர்ந்தனர். கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. பல்லாயிரக்கணக்கில் மாண்ட தமிழருக்கு அப்படிப் பெயர் பொறித்த கல்லறைகள் இல்லை. அப்பாதையில் ஓடிய சி56 நீராவி எஞ்சின் ஒன்று 1979இல் தாய்லாந்திலிருந்து கொண்டுவரப்பட்டுத் தோக்கியோ யாசுகுனி ஆலயத்தின் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஷிங்கான்சென் மூக்கருகே நின்று படம் பிடித்தவர்களுள் எத்தனை பேர் அதைப் போய்ப் பார்த்தனர்? இன்றைய ஜப்பானிய இரயில் ஊழியர்மீது அப்பழியைச் சுமத்துவது அறமன்று. ஆயினும் வேகத்தின் விலையைக் கொடுத்தவர் யார் என்று கேட்கும் பழக்கம், அதைக் கொடுத்தவரின் பேரப்பிள்ளைகளுக்கு இருந்தாக வேண்டும்.

“இது முன்னேற்றத்தை மறுக்கும் கிழட்டுப் பேச்சு” என்பர் சிலர். முன்னேற்றம் எப்படிப் போனது என்பதையும் அவர்களே சொல்லட்டும். கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக இரயிலுக்கு 2016இல் ஒப்பந்தமானது, 2018இல் ஒத்திவைக்கப்பட்டது, 2020 டிசம்பர் 31உடன் காலாவதியானது. ஓர் அடி தண்டவாளம் போடாமலே 10 கோடியே 28 இலட்சம் சிங்கப்பூர் வெள்ளி இழப்பீடு கட்டப்பட்டது. அதில் எத்தனை கொமியூட்டர் பெட்டிகள் வாங்கியிருக்கலாம்!

ஜப்பானிடம் கேட்டுப் பெற வேண்டியது வண்டியின் மூக்கையன்று, அதன் கால அட்டவணையை. தோக்கியோவில் ஒரு வண்டி தவறினால் சில நிமிடங்களில் அடுத்தது நிற்கும். பட்டர்வொர்த்தில் தவறினால் அன்றைய வேலையே போயிற்று. 1907இல் ஜோர்ஜ் டவுன் கடற்கரையில் எழுந்த மணிக்கூண்டுக் கட்டடம் தண்டவாளமே இல்லாத இரயில் நிலையமாய் விளங்கியது. அங்குச் சீட்டு வாங்கியவர் படகேறிப் பிறையில் இறங்கி இரயில் பிடித்தார். படகும் இரயிலும் ஒன்றுக்கொன்று காத்திருக்க வேண்டும் என்பதை அக்காலத்தார் அறிந்திருந்தனர். நிபோங் திபாலிலிருந்து காலை வேலை நேரத்திற்கு முன்னும் இரவு வேலை முடிந்தபின்னும் கொமியூட்டர் ஓடட்டும். இறுதிப் படகு கரையணையும்வரை இறுதி வண்டி புறப்படாதிருக்கட்டும். தமிழர் சங்கங்கள் அடுத்த முறை அமைச்சரைச் சந்திக்கையில் மாலையுடன் இவ்விரண்டு கோரிக்கைகளையும் எடுத்துச் செல்லட்டும். புல்லட் இரயில் படத்தை வீட்டிலேயே விட்டுச் செல்லட்டும்.